தகராறும் ஓர் ஆவணமே

பேராக் தோட்டத்துக் குடும்பங்களில் நட்சத்திர நினைவுகள்

(ஈப்போவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அதாவது திரை, விளையாட்டு நட்சத்திரங்களைப் பற்றிய நினைவு, உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. முதியவர் ஒருவர், 'தாரா சிங்கை நேரில் பார்த்தேன்', 'ராஜாமணி ஓடியபோது நான் அங்கேதான் நின்றேன்' என்று சொல்கிறார். அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு முதியவர், 'அதெல்லாம் கிடையாது' என்று வெட்டிப் பேசுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இப்படிச் சிரித்துத் தள்ளிவிட்ட பேச்சுகளில் மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழரின் வரலாற்றில் பெரும் பகுதி இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகராறுக்கு உள்ளான ஒரு நினைவை அப்படியே நம்பவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். சொன்னவர் சொன்னதையும் மறுத்தவர் மறுத்ததையும் சேர்த்து, இரண்டும் ஒரே பதிவாக எழுதப்பட வேண்டும். தகராறுதான் ஆவணம். தனியாக எடுத்த நினைவு அதில் பாதிதான்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சாட்சிகள் இருவர்: என் தாய்மாமாவும், அவருடைய அக்காவான என் பெரியம்மாவும். இருவரும் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள், பால்மரம் வெட்டியவர்கள், தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போவின் புந்தோங்குக்குக் குடிவந்தவர்கள். மாமா சொல்வார், பெரியம்மா மறுப்பார். ஆண்டுக்கணக்காக நடந்த அந்த வாக்குவாதத்தை நான் ஒலிநாடாவிலும் பிறகு கைப்பேசியிலும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

1. தோட்டத்துக் கணக்கில் எழுதப்படாதவை

தோட்டங்களில் எழுத்து இல்லாமல் இல்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது. அதில் பெயர் இருந்தது. வேலைக்கு வந்த நாள் இருந்தது. பாலின் எடை இருந்தது. முன்பணம் பிடித்த கணக்கு இருந்தது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்றவர் யார், நிற்காதவர் யார் என்பது தெரியும். அந்த ஆள் அன்று மாலை எதைப் பார்த்தார், எதைக் கேட்டு வியந்தார், யாரைப் பற்றிக் கனவு கண்டார் என்பதற்குக் கணக்கில் இடமில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதியது தோட்டத்துக்குத் தேவைப்பட்டதை மட்டுமே.

எழுதிவைக்காதவர்கள் வேறு வழிகளில் நினைவைக் காத்தார்கள். பத்து காஜா அருகில் கெல்லி கோட்டைக்குப் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் நிற்கும் துரையின் உருவம் அங்கே இருக்கிறது. அந்தத் துரை, கோட்டையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், 1926இல் லிஸ்பனில் இறந்தார். கோட்டை முடியாமலே நின்றது. அவரைத் தொழிலாளர்கள் எப்படி நினைவு வைத்தார்கள் என்பதற்கு அந்தச் சுதைச் சிற்பமே சான்று.

பொது நினைவுக்கு இன்னொரு வழி நட்சத்திரங்கள். தோட்டத்து முதியவர்களிடம் ஆண்டு கேட்டால் பெரும்பாலும் எண் வராது. 'ஜப்பான்காரன் காலம்', 'கம்யூனிஸ்டு காலம்', 'நாடோடி மன்னன் வந்த வருஷம்', 'எம்.ஜி.ஆரைச் சுட்ட வருஷம்' என்றுதான் வரும். 'நாடோடி மன்னன்' 1958இல் வெளியானது, எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. பிறப்புப் பத்திரம் தொலைந்துபோன ஒருவரின் வயதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு கணக்கிட முடியும். நட்சத்திரங்களைப் பற்றிய பேச்சு பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. தங்களுக்கென்று எழுத்து வைத்துக்கொள்ள முடியாத மக்களின் நாள்காட்டியாக அது இருந்தது. ஆகவே அதில் வரும் பிழைகளையும் நாம் பொறுப்போடு கையாள வேண்டும்.

2. தவறான நினைவு தரும் சரியான தகவல்

மாமா ஒன்றைச் சொல்லி எல்லோரிடமும் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்வார். 'எம்.ஜி.ஆர். இடது கைக்காரர். மதுரை வீரன் படத்திலே இடது கையாலேதான் வாள் வீசுவார்.' பெரியம்மா விடமாட்டார். 'டேய் தம்பி, ஊரு உலகமே பார்த்த படம். வலது கையிலே வாளு. உனக்கு எங்கேருந்துடா இடது கை வந்துச்சு?'

'மதுரை வீரன்' 1956இல் வெளிவந்தது. நம் தோட்டங்களில் மதுரை வீரன் காவல் தெய்வம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் எல்லையில் சன்னதி வைத்துக் கும்பிட்ட தெய்வம் திரையில் எம்.ஜி.ஆராக வந்து நின்றபோது அந்தப் படம் தோட்டத்து மக்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் படத்தில் ஒரு பையன் கையையே மாற்றிப் பார்த்தான் என்றால் அதை மறதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

'எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், மாமா?' என்று கேட்டேன். 'துணிக்குப் பின்னாலே' என்றார்.

அதில் எல்லாம் விளங்கியது. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். படக்காட்டும் இயந்திரம் ஒரு பக்கம். கூட்டம் இரண்டு பக்கமும். துணியின் பின்பக்கம் உட்கார்ந்தவருக்கு வலது இடதாகத் தெரியும். மாமா இன்னொன்றும் சொன்னார்: 'பேரெல்லாம் கண்ணாடியிலே பார்க்கிற மாதிரி ஓடும். படிக்க முடியாது.' பின்பக்கம் உட்காராத ஒருவர் இந்த விவரத்தைக் கற்பனையாகச் சொல்லியிருக்க முடியாது.

பெரியம்மா முன்பக்கம் உட்கார்ந்தார். யார் எந்தப் பக்கம் என்று கேட்டபோது இருவரும் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள். முன்னால் கிராணி வீட்டாருக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டாருக்கும் நாற்காலி. அடுத்து பாய் விரித்துப் பெண்கள். பையன்களைப் பின்பக்கம் விரட்டிவிடுவார்கள். இடது கையா வலது கையா என்ற வாக்குவாதத்திலிருந்து ஒரு தோட்டத்துத் திடலின் அமர்வு வரிசை முழுவதும் கிடைத்தது. தோட்டத்தில் மேல் கீழ் எப்படி இருந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சான்று அந்தக் குடும்பத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. மாமாவின் 'பிழையை' அன்றே திருத்தியிருந்தால் இது கிடைத்தே இருக்காது.

3. ஆண்டு இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு

அடுத்த தகராறு தாரா சிங்கைப் பற்றியது. பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, இந்த வட்டாரத்தில் மல்யுத்தத்தில் பெயர் எடுத்தவர் தாரா சிங். அவரோடு மோதியவர்களில் பெரும் பெயர் கிங்காங். எமில் சாயா என்ற இயற்பெயர் கொண்ட அந்த ஐரோப்பிய மல்லர் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு விளையாடி, கார் விபத்தில் அடிபட்டு 1970இல் இறந்தார். கேளிக்கைப் பூங்காக்கள் செழித்திருந்த காலம் அது. சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்றால் ஈப்போவில் ஜூபிலி பார்க். விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் மல்யுத்தம் அந்நாளைய பெரிய இரவுக் காட்சி.

மாமா சொன்னது: '1951இல் ஈப்போவிலே தாரா சிங் கிங்காங்கைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்ததைப் பார்த்தேன்.' பெரியம்மா கேட்டது: 'பொழுது சாய்ந்தா கேட்டு சாத்திடுவாங்க. நீ எந்தக் கேட்டு வழியா போனே?'

இந்தக் கேள்வியின் கனம் இளையவர்களுக்குத் தெரிய வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி மக்களைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அடையாள அட்டை, ஊரடங்கு, வாசலில் சோதனை. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காகப் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகவும் தடை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு இரவு மல்யுத்தம் பார்க்கப் போய்த் திரும்புவது நடக்கிற காரியம் இல்லை. பெரியம்மாவின் மறுப்பு நிற்கிறது.

அப்படியானால் மாமா ஏன் 1951 என்கிறார்? இத்தாலிய ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி ஆராய்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கே உதவுகிறது. தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்நகரத் தொழிலாளர்களிடம் கேட்டபோது, அவர் 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது நடந்த மோதலில் இறந்தார் என்று பலர் சொன்னார்கள். ஆண்டு தவறு. ஆனால் அந்தத் தவறு, தங்கள் வாழ்வை முறித்தது வேலைநீக்கம்தான் என்று அந்தத் தொழிலாளர்கள் கருதியதைக் காட்டியது. தாங்கள் பதில் கொடுக்க முடியாமல் போன ஒரு மரணத்தை, தாங்கள் திருப்பி அடித்த ஆண்டோடு அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். போர்ட்டெல்லி அந்தத் தவறையே தம் ஆய்வுக்கு மையமாக வைத்தார்.

மாமாவிடம் 1951இல் வேறு என்ன நடந்தது என்று கேட்டேன். 'அதுதான் வேலி போட்ட வருஷம்' என்றார். லயத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு வேலிக்குள் போன நாளை விவரமாகச் சொன்னார்: மாட்டு வண்டியில் ஏற்றிய கதவு, பின்னால் தூக்கி வந்த கோழிக்கூண்டு, சன்னதியிலிருந்து பிடுங்கி எடுத்த வேல். மல்யுத்தத்தை அவர் பார்த்தது கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகாகத்தான் இருக்க முடியும். ஆனால் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறியும் ஒரு பலசாலியை, வேலிக்கு வெளியே யாரும் கால் வைக்க முடியாத ஆண்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது அவர் மனம். பதிவில் நான் இப்படி எழுதினேன்: மல்யுத்தம் பார்த்தது நடந்திருக்கக்கூடியது, 1951 என்பது ஏற்கத்தக்கதல்ல, வேலி போட்ட விவரம் பெரியம்மாவாலும் உறுதிசெய்யப்பட்டது. மூன்று வரிகளும் தேவை. எந்த ஒன்றை நீக்கினாலும் பதிவு பொய்யாகும்.

4. திரை நினைவுக்குள் புகும் விதம்

இதுவரை நான் நினைவுக்குப் பரிந்து பேசினேன். பரிவு மட்டும் இருந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். திரைப்படமும் தொலைக்காட்சியும் நம் நினைவுக்குள் புகுந்து, நாம் நேரில் கண்டதாகவே உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்காவில் எலிசபெத் லோஃப்டஸும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை ஒன்று நட்சத்திர நினைவுகளைச் சேகரிக்கும் எல்லோருக்கும் பாடமாக வேண்டும். டிஸ்னிலேண்டில் பக்ஸ் பன்னி முயலோடு கைகுலுக்குவதாக ஒரு போலி விளம்பரத்தைக் காட்டினார்கள். பிறகு கேட்டபோது, ஒரு குழுவில் 16 விழுக்காட்டினர் சிறுவயதில் டிஸ்னிலேண்டில் அந்த முயலின் கையைக் குலுக்கியது நினைவிருக்கிறது என்றார்கள். பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பாத்திரம். டிஸ்னிலேண்டில் அதற்கு இடமே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நினைவுகூர்ந்தார்கள்.

மாமாவின் தாரா சிங் கதையிலும் இந்தப் படிவு தெரிகிறது. சில சமயம் தாரா சிங் கையில் கதாயுதம் வந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது எளிது: 1987இல் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்தவர் தாரா சிங். போதாததற்கு, 1962இல் தாரா சிங் கதாநாயகனாக நடித்த ஒரு இந்திப் படத்தின் பெயரே 'கிங்காங்'. மேடை, திரை, வீட்டுத் தொலைக்காட்சி என்று மூன்று அடுக்கு ஒரே மனிதர் மேல் படிந்திருக்கிறது.

இன்னும் தெளிவான சான்று கால்பந்திலிருந்து கிடைக்கிறது. 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பிறகு நாடு அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் அணி போகவே இல்லை. அந்த அணியின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த தமிழர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அந்த வெற்றியை ஒட்டி சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா' 2016இல் வெளியானது. படத்தில் கோல்கீப்பரின் பெயர் முத்து குமார்.

மாமாவின் பழைய ஒலிநாடாவில், 'ரேடியோவிலே கேட்டோம். ஆறுமுகம் பிடிச்சான் பாரு' என்று இருக்கிறது. 2016க்குப் பிந்திய பதிவில், 'நான் அரங்கத்திலேயே இருந்தேன். முத்து பாய்ஞ்சு பிடிச்சான்' என்று இருக்கிறது. பெயர் மாறிய இடத்தில் மூலம் தெரிந்துவிடுகிறது. அரங்கத்தில் இருந்தது என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. பதிவிலும் ஏற்கவில்லை என்றே எழுதியிருக்கிறேன். ஒரு மாமாவின் மேல் உள்ள அன்பினால் நடக்காததை நடந்ததாக அச்சேற்றக் கூடாது. அப்படிச் செய்தால் நாளை நம் உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுக்குகளைப் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. திரையில் வராதவற்றைக் கேட்க வேண்டும். யாரோடு போனீர்கள்? எதில் திரும்பினீர்கள்? என்ன மணம் வந்தது? மறுநாள் வேலைக்குப் போனீர்களா? மல்யுத்தத்தைப் பற்றிக் கேட்டபோது மாமா, லாரியின் பின்புறம் நின்றுகொண்டே திரும்பியதையும், கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை அக்காவுக்கென்று சட்டைக்குள் ஒளித்து வந்ததையும் சொன்னார். அரங்கத்துக் கால்பந்தைப் பற்றிக் கேட்டபோது படத்தில் வரும் காட்சிகளைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

5. நம்ப முடியாதது என்பதால் நடக்காதது ஆகாது

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. தோட்டத்துக்காரர் சொன்னார் என்பதற்காகவே பெரிய பெயர்களைச் சந்தேகிக்கும் பழக்கம் நம் படித்தவர்களிடம் இருக்கிறது.

பெரியம்மா சொன்ன ஒன்றை இந்த முறை மாமா மறுத்தார். 'பத்து காஜா பக்கத்திலே அரண்மனை கட்டினாங்க. ஹாலிவுட்டு நடிகை வந்து நடிச்சாங்க. நான் பார்த்தேன்.' மாமா, 'அக்கா, அது கனவு' என்றார். ஆனால் ஜோடி ஃபாஸ்டரும் சௌ யுன் ஃபட்டும் நடித்து 1999இல் வெளியான 'அன்னா அண்ட் தி கிங்' படத்தைத் தாய்லாந்தில் எடுக்க அனுமதி கிடைக்காததால் மலேசியாவில்தான் எடுத்தார்கள். சயாம் மன்னரின் அரண்மனை நம் பேராக்கில் எழுப்பப்பட்ட செட். படக்குழு வந்தது நிச்சயம். பெரியம்மா பார்த்தது ஃபாஸ்டரைத்தானா என்பது தனிக் கேள்வி. அதையும் தனி வரியாக எழுதினேன்.

இன்னொரு சான்று சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது. 'ஐ.நா. சபைத் தலைவி வந்து எங்கள் தமிழ்ப்பள்ளியைத் திறந்துவைத்தார்' என்று ஒரு பாட்டி சொன்னால் வெளியூர்க்காரர் நம்புவாரா? 1953இல் ஐ.நா. பொதுச் சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் விஜயலட்சுமி பண்டிட். மறு ஆண்டு, மலாயாத் தமிழர் தலைவர்களில் ஒருவரான வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்துவைத்தவர் அவரே. 

ராஜாமணியின் கதையும் இந்த வகையைச் சேர்ந்தது. எம். ராஜாமணி தாப்பாவில் பிறந்தவர்; 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர்; 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர்; அவ்வாண்டே தேசிய விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர். அதே பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கினார் எம். ஜெகதீசன். அவர் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. 'ராஜாமணி நம்ம பக்கத்துப் பிள்ளை. ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்' என்பது மாமாவின் பேச்சு. 'தாப்பா எங்கே, நம்ம தோட்டம் எங்கே?' என்பது பெரியம்மாவின் பேச்சு. தாப்பா ஈப்போவுக்குத் தெற்கே. சுங்கை சிப்புட் வடக்கே. தூரத்தைப் பற்றிப் பெரியம்மா சொன்னது சரி. ஆனால் பள்ளி, மாநிலப் போட்டிகள் பிள்ளைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோயின. பார்த்திருக்க வழி உண்டு. அதற்கும் மேலே, ஒரு மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்தவர் மறுகோடியிலிருந்த பெண்ணை 'நம்ம பக்கத்துப் பிள்ளை' என்று உரிமை கொண்டாடியது, அந்தத் தங்கம் தோட்டத்து மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்கிறது.

1962இல் ஈப்போவில் பிறந்து, 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை வென்ற மிஷெல் யோவைத் தெரியும் என்று இன்று ஒருவர் சொன்னால் சரிபார்ப்பது எளிது. அவர் படித்த கான்வென்ட் பள்ளி ஈப்போவிலேயே இருக்கிறது. படங்களும் பதிவேடுகளும் உண்டு. தோட்டத்து நினைவுகளுக்கு அந்த வசதி இல்லை. சான்று இல்லாமல் போனது சொன்னவரின் குற்றமாகாது. தோட்டங்கள் சிறு சிறு பங்குகளாக விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது பதிவேடுகள் போயின. துண்டாடலைத் தடுக்க 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தால் சில தோட்டங்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லாத ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 'ஆமாம், நானும் பார்த்தேன்' என்று சொல்லியிருக்கக்கூடியவர்கள் பலர் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த லயங்களை இடித்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள்.

6. மறுப்பவரின் சாட்சியம்

இந்த உரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். கதை சொல்பவரைச் சுற்றித்தான் எல்லோரும் உட்காருகிறோம். மறுப்பவரை யாரும் பேட்டி காண்பதில்லை. நம் குடும்பங்களில் மறுப்பவர் பெரும்பாலும் பெண்.

மாமா நினைவில் வைத்திருந்தது காட்சிகளை. பெரியம்மா நினைவில் வைத்திருந்தது கட்டுப்பாடுகளை. கேட்டு எப்போது சாத்தினார்கள், சோதனையில் தூக்குச்சட்டியைத் திறந்து யார் பார்த்தார்கள், படம் பார்க்கப் பெண்கள் எந்த நேரம் வரை திடலில் இருக்கலாம், ஈப்போவுக்குப் போக ஒரு பையனுக்கு எத்தனை நாள் கூலி தேவைப்பட்டிருக்கும், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு எந்த மரத்து வரிசைக்கு ஓடினோம் என்பதெல்லாம் பெரியம்மாவிடம் இருந்தது. தோட்ட வாழ்வைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் மாமாவை மறுக்கும்போது சொன்னவை. 'தோட்ட வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று நேராகக் கேட்டபோது, 'என்னத்தைச் சொல்ல, வெட்டினோம், சாப்பிட்டோம்' என்று முடித்துவிட்டார். தம்பியின் கதையில் தவறு கண்டபோதுதான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தான் சொல்வது வரலாறு என்று அவர் நினைக்கவில்லை. தம்பி சொல்வது தவறு என்று மட்டுமே நினைத்தார்.

நட்சத்திரங்களை நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பே தோட்டத்துப் பெண்களுக்குக் குறைவு. மல்யுத்தத்துக்கும் கால்பந்துக்கும் ஆண்கள் போனார்கள். அதனால் நட்சத்திர நினைவுகளை மட்டும் திரட்டினால் ஆண்களின் வரலாறே கிடைக்கும். மறுப்புகளையும் சேர்த்தால்தான் பெண்கள் உள்ளே வருகிறார்கள்.

7. செய்ய வேண்டியவை

மாணவர்களுக்காக என் பரிந்துரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், சொல்பவரையும் மறுப்பவரையும் ஒருமுறை தனித்தனியாகவும் ஒருமுறை சேர்த்தும் பதிவு செய்யுங்கள். சேர்ந்திருக்கும்போது வருவது தனியாக இருக்கும்போது வராது. ஒரே கதையைச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு மறுபடியும் கேளுங்கள். ஆறுமுகம் முத்துவான மாற்றம் அப்படித்தான் பிடிபட்டது.

இரண்டாவது, கேட்டதைத் தாளில் நான்கு பகுதியாக எழுதுங்கள்: கூற்று, மறுப்பும் அதன் காரணமும், சரிபார்த்த ஆவணம், முடிவு. முடிவை 'உறுதி', 'நடந்திருக்கக்கூடியது', 'ஏற்கத்தக்கதல்ல' என்ற மூன்றில் ஒன்றாக எழுதுங்கள். சரிபார்க்க நாளிதழ்கள் இருக்கின்றன. 1924 முதல் 2019 வரை வந்த 'தமிழ் நேசன்' இருக்கிறது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. மல்யுத்தம், விளையாட்டுப் போட்டி, பட வெளியீடு போன்றவை விளம்பரமாகவேனும் அச்சேறியிருக்கும். ஆகவே நட்சத்திர நினைவு, தோட்டத்து நினைவுகளிலேயே எளிதில் சோதிக்கக்கூடியது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் சோதிக்க முடியாத மற்ற நினைவுகளுக்கும் ஆண்டு குறிக்கலாம்.

மூன்றாவது, முதியவர்களைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். 'ஏற்கத்தக்கதல்ல' என்பது ஆய்வுத்தாளில் எழுத வேண்டிய சொல். கூடத்தில் சொல்ல வேண்டியதன்று. கேள்வி கேளுங்கள். 'எங்கே உட்கார்ந்தீர்கள்?' என்ற ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை நீங்கள் கேட்டீர்கள்.

அவையோரே, தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வேலை செய்த கடைசித் தலைமுறை இப்போது எழுபது, எண்பது வயதில் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எண்ணிக்கையாக எழுதினார்கள், கூலியாக எழுதினார்கள், இடம்பெயர்ந்தோராக எழுதினார்கள். அவர்களோ தங்களைத் தாரா சிங்கின் காலத்தவர்களாக, எம்.ஜி.ஆரைப் பார்த்தவர்களாக, ராஜாமணியின் ஊர்க்காரர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். உலகில் நடந்தவற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் கோரிக்கை. அதைச் சோதித்துப் பார்ப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை; சிரித்து ஒதுக்குவதும் சோதிக்காமல் போற்றுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு வடிவங்கள்.

இந்த அறக்கட்டளையின் சார்பில் வாய்மொழிப் பதிவுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் மறுப்பு என்ற பகுதி இருக்கட்டும். அது நிரப்பப்படாத வரை எந்தப் பதிவும் முடிந்ததாகக் கொள்ளப்பட வேண்டாம்.